நாற்பது நாள் குளிர்

மார்கழி பிறந்துவிட்டால் மயிலாப்பூர்க் கச்சேரி சாலையில் சுபுஹுத் தொழுகைக்குப் புறப்படுவோரின் கழுத்தில் மப்ளர் ஏறிவிடுகிறது. தியாகராய நகர்க் கடைத்தெருவில் குழந்தைகளுக்கான கம்பளிக் குல்லாய்கள் தொங்கத் தொடங்குகின்றன. "இந்த வருஷம் குளிர் தாங்கவில்லை" என்று வீட்டுக்கு வீடு அங்கலாய்ப்பு. உள்ளபடி பார்த்தால் அந்த அதிகாலை நேரத்தில் சென்னையின் வெப்பநிலை இருபது டிகிரி சென்டிகிரேடை ஒட்டியே இருக்கும். நூறாண்டுகளுக்கு மேலான பதிவுகளைப் புரட்டினாலும், 1895 டிசம்பரில் பதிவான 13.9 டிகிரிதான் இந்நகரின் மிகக் கடுமையான குளிராகச் சொல்லப்படுகிறது. மலைநாட்டார் கேட்டால் புன்னகை செய்வார்கள்.

அடையாற்றிலிருந்து ஒரு சகோதரி நமக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். டிசம்பர் விடுமுறையில் குடும்பத்துடன் காஷ்மீர் செல்ல இருக்கிறார்களாம். எத்தனை ஸ்வெட்டர், எத்தனை காலுறை, கைக்குழந்தைக்கு என்ன உடை என்றெல்லாம் கேட்டுவிட்டு, கடைசி வரியில், "நான்கு நாள் தங்குவதற்கே இவ்வளவு யோசிக்கிறோமே, அங்கேயே வாழ்கிறவர்கள் ஆண்டுதோறும் எப்படித்தான் சமாளிக்கிறார்களோ!" என்று வியந்திருக்கிறார். ஸ்வெட்டர் கணக்கைப் பயண ஏற்பாட்டாளர்களே சொல்லிவிடுவார்கள். நம் மனம் அந்தக் கடைசி வரியில்தான் நின்றது. இம்மாதப் பகுதியை அதற்கென்றே ஒதுக்குகிறோம்.

காஷ்மீரப் பள்ளத்தாக்கின் குளிர்காலத்துக்குக் கணக்கு உண்டு. டிசம்பர் 21ஆம் நாள் தொடங்கி ஜனவரி இறுதி வரை நாற்பது நாள்கள் 'சில்லாய் கலான்', அதாவது பெரிய சில்லா. அடுத்த இருபது நாள்கள் 'சில்லாய் குர்த்', சிறிய சில்லா. அதன்பின் வரும் பத்து நாள்கள் 'சில்லாய் பச்சா', குழந்தைச் சில்லா. ஆக எழுபது நாள்கள். சில்லா என்னும் சொல் நம் வீடுகளுக்குப் புதியதன்று. நாற்பது என்னும் பொருளுடைய அந்தப் பாரசீகச் சொல்லைத்தான் நாற்பது நாள் மார்க்கப் பயணம் புறப்படுவோரும் பயன்படுத்துகிறார்கள். பிள்ளை பெற்ற பெண்ணுக்கு நாற்பது கழியும் வரை காற்றுப் படாமல் காத்து, பத்தியச் சோறு போட்டு வைத்திருக்கிறோம் அல்லவா, ஏறத்தாழ அதே போன்ற ஒரு நாற்பதை அங்கே ஊர் முழுவதும் கழிக்கிறது.

அந்நாள்களில் ஸ்ரீநகரில் காலை ஏழரை மணியளவில்தான் சூரியன் உதிக்கிறான். மாலை ஆறு மணிக்குள் மறைந்தும் விடுகிறான். ஜனவரி மாத இரவுகளில் நீர் உறையும் நிலைக்குக் கீழே வெப்பநிலை இறங்குவது அங்கே வழக்கமான செய்தி. 2024 டிசம்பர் 21ஆம் தேதி, சில்லாய் கலான் பிறந்த அன்றே, உறைநிலைக்குக் கீழே 8.5 டிகிரி வரை இறங்கியது. ஐம்பது ஆண்டுகளில் அத்தகைய டிசம்பர் இரவு வந்ததில்லை என்று வானிலைத் துறையினர் கூறினர். தால் ஏரியின் ஓரங்கள் உறைந்தன. குழாயில் நின்ற தண்ணீர் பனிக்கட்டியாகிவிட்டால் அது விரிந்து குழாயையே பிளந்துவிடும். காலையில் எழுந்ததும் குழாயடியில் காகிதமும் சுள்ளியும் வைத்துத் தீமூட்டித் தண்ணீரை உருக்கி எடுக்கும் காட்சி அங்கே சாதாரணம்.

சரி, உணவுக்கு என்ன வழி? பனி மூடிய நிலத்தில் எதுவும் விளையாது. பள்ளத்தாக்கை வெளியுலகோடு இணைக்கும் நெடுஞ்சாலையோ பனியாலும் மண்சரிவாலும் நாள்கணக்கில் அடைபடும். பனிஹாலில் மலையைக் குடைந்த ஜவாஹர் சுரங்கப்பாதை 1956இல் திறக்கப்படுவதற்கு முன்போ, கணவாய் மூடினால் மூடியதுதான். ஆகவே குளிர்காலச் சமையல் அங்கே ஜூலை, ஆகஸ்டு மாதங்களிலேயே தொடங்கிவிடுகிறது. தோட்டத்தில் சுரைக்காய் மலிந்திருக்கும்போதே அதை நீண்ட நாடாக்களாகச் சீவிக் கொடிகளில் உலர்த்துகிறார்கள். கத்தரிக்காயை நெடுக்காகக் கீறிக் காய வைக்கிறார்கள். தக்காளியை இரண்டாக அரிந்து பாயில் பரப்புகிறார்கள். டர்னிப் கிழங்கை வட்டவட்டமாக நறுக்கி, நூலில் கோத்து, மாலை மாலையாகச் சுவரில் தொங்கவிடுகிறார்கள். சிவந்த மிளகாய்ச் சரங்கள் சன்னல்களை அலங்கரிக்கின்றன. வயலோரத்துக் காட்டுக்கீரை, சீமைமாதுளை, ஏரி மீன் ஆகியவையும் இவ்வாறே வற்றலாகின்றன. இவை அனைத்துக்கும் பொதுப்பெயர் 'ஹோக் ஸ்யூன்', உலர்ந்த கறி.

இதைப் படிக்கும்போது நம் சகோதரிகளுக்குத் தங்கள் மொட்டைமாடி நினைவுக்கு வந்திருக்கும். சித்திரை வெயிலில் கத்தரி வற்றலும் கொத்தவரை வற்றலும் சுண்டை வற்றலும் போட்டு, ஐப்பசி கார்த்திகை அடைமழைக்கு டப்பாவில் அடைத்து வைத்த தலைமுறைதானே நம்முடையது! ஹஜ்ஜுப் பெருநாள் குர்பானி இறைச்சியை உப்பும் மஞ்சளும் தடவிக் கொடியில் உலர்த்தி உப்புக்கண்டமாக்கிய நம் பாட்டிமார்கள் ஒரு காஷ்மீரத்துக் கிராமத்து வீட்டின் மாடியில் போய் நின்றால், மொழி தெரியாமலேயே அங்குள்ள பெண்களோடு வேலையில் சேர்ந்துகொள்வார்கள். வேறுபாடு ஒன்றுதான். நமக்கு வற்றல் என்பது ருசிக்காக. மழை விடாமல் பெய்தாலும் பாண்டி பஜாரில் காய்கறி கிடைத்துவிடும். அவர்களுக்கோ பல தலைமுறைகளாக அதுதான் குளிர்காலத்துச் சோற்றுக்குத் துணை.

எல்லாவற்றையும் உலர்த்திவிடுவதுமில்லை. டர்னிப், முள்ளங்கி, கேரட், நூல்கோல் ஆகியவற்றைத் தோட்டத்தில் குழி தோண்டிப் புதைத்து, மேலே வைக்கோலும் மண்ணும் போட்டு மூடிவிடுகிறார்கள். மேற்புறம் பனி கிடந்தாலும் குழிக்குள் காய் உறைவதில்லை. வேண்டும்போது தோண்டி எடுத்துக்கொள்ளலாம். மண்ணையே குளிர்சாதனப் பெட்டியாக்கிய இந்த யுக்தியை எந்தப் பொறியாளரும் வந்து கற்பிக்கவில்லை. மாட்டுக்கான புல்லைக் கட்டுக் கட்டாக மரக்கிளைகளில் தொங்கவிடும் வழக்கமும் உண்டு. தரையில் வைத்தால் பனி மூடி அழுகிவிடும். மரத்தில் இருந்தால் காற்றில் உலர்ந்தபடி இருக்கும். பழங்காலக் கிராமத்து வீடுகளில் கீழ்த்தளத்தில் கால்நடைகளைக் கட்டி, மேல்தளத்தில் மனிதர்கள் வாழ்ந்தார்கள். கீழிருந்து எழும் மாட்டின் உடற்சூடு மேல்தளத்தின் பலகைகளையும் சிறிது இதமாக்கும்.

இப்போது காலம் மாறியிருக்கிறது. 2021இல் பனிஹாலுக்கும் காஸிகுண்டுக்கும் இடையே புதிய சுரங்கப்பாதை திறந்தது. 2025 ஜூனில் செனாப் ஆற்றின் மேலுள்ள பாலத்தின் வழியாக ரயிலும் பள்ளத்தாக்கை எட்டிவிட்டது. பச்சைக் காய்கறி ஜனவரியிலும் கடைக்கு வருகிறது. ஆயினும் வற்றல் போடும் பழக்கம் நின்றுவிடவில்லை. சாலை அடைபட்ட வாரத்தில் சந்தையில் விலை எங்கே போய் நிற்கும் என்பது குடும்பத் தலைவிக்குத் தெரியும்.

உணவைப் போலவே நெருப்பும் முன்கூட்டியே சேமிக்கப்படுகிறது. அக்டோபர், நவம்பரில் சினார் மரங்கள் சிவந்து இலையுதிர்க்கும். அந்த அழகைப் படம் பிடிக்க உலகமெல்லாம் இருந்து ஆட்கள் வருகிறார்கள். அதே வேளையில் பெண்கள் துடைப்பத்தோடு வந்து உதிர்ந்த இலைகளைக் கூட்டிக் குவித்து, மெல்லத் தீயிட்டு, முழுவதும் சாம்பலாகும் முன்பே தண்ணீர் தெளித்து அணைத்துக் கரியாக்கி, மூட்டைகளில் அள்ளிச் செல்கிறார்கள். ஆப்பிள் தோட்டங்களில் கவாத்து செய்து விழுந்த சுள்ளிகளும் இவ்வாறே கரியாகின்றன. அந்தக் கரிதான் குளிர்காலம் முழுவதும் 'காங்ரி'க்கு உணவு.

காங்ரி என்பது நம் ஊர்க் கணப்புச் சட்டியின் சிறிய வடிவம் எனலாம். குயவர் வனைந்த மண்சட்டி ஒன்று. அதைச் சுற்றிப் பிரம்பு போன்ற மெல்லிய குச்சிகளால் பின்னிய கூடை. தூக்கிச் செல்லக் கைப்பிடி. கரியைக் கிளறிவிட ஒரு சிறு கரண்டி அதிலேயே கட்டித் தொங்கும். அடியில் கரித்தூளை இட்டு, மேலே தணலை வைத்து, அதன் மீது சாம்பலை மூடிவிட்டால் மணிக்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும். முழங்காலுக்குக் கீழே தொங்கும் 'பெரன்' என்னும் தளர்ந்த கம்பளி அங்கிக்குள், ஒரு கையைச் சட்டைக் கையிலிருந்து உருவி உள்ளே விட்டு, இந்தக் காங்ரியைப் பிடித்தபடி நடக்கிறார்கள், பேசுகிறார்கள், வியாபாரம் செய்கிறார்கள். தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு அந்த மனிதருக்கு ஒரு கைதான் உண்டோ என்று ஐயம் தோன்றும்! சரார்-எ-ஷரீஃபில் செய்யப்படும் காங்ரிக்குத் தனிப்பெயர். ஷைகு நூருத்தீன் நூரானி அவர்களின் தர்கா அமைந்த ஊர் அது. 1995 மே மாதத்தில் அந்தத் தர்காவும் ஊரின் பெரும்பகுதியும் எரிந்துபோன செய்தி நம் வாசகர்கள் பலருக்கு நினைவிருக்கும். மணப்பெண்ணுக்கு வண்ணம் தீட்டி அலங்கரித்த காங்ரியைச் சீராகக் கொடுக்கும் வழக்கமும் உண்டு.

இங்கே சற்று நின்று பேச வேண்டியிருக்கிறது. உயிரைக் காக்கும் இந்தச் சட்டியே உயிருக்கு ஊறும் விளைவிக்கிறது. ஆண்டுக்கணக்கில் தொடையிலும் அடிவயிற்றிலும் ஒரே இடத்தில் சூடு படுவதால் அவ்விடத்துத் தோலில் சிவந்த வலைப்பின்னல் போன்ற தழும்பு தோன்றுகிறது. சிலருக்குப் பல்லாண்டுகள் கழித்து அது புற்றுநோயாகவே மாறிவிடுகிறது. ஸ்ரீநகரில் மருத்துவப் பணி புரிந்த டாக்டர் எல்ம்ஸ்லி என்பவர் 1866இலேயே இதைக் குறித்து எழுதினார். பின்னாளில் அதே ஊரில் நெடுங்காலம் அறுவைச் சிகிச்சை செய்த டாக்டர் எர்னெஸ்ட் நீவ், தாம் கண்ட நோயாளிகளின் விவரங்களை 1923இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியிட்டார். மருத்துவ நூல்களில் இன்றும் இதற்குக் 'காங்ரிப் புற்று' என்றே பெயர். குளிர் நாட்டு மக்கள் பல இடங்களில் வாழ்ந்தும், இவ்விடத்தில் இந்நோய் வருவது காஷ்மீரத்தாருக்கே உரியதாகிவிட்டது. காரணம் அவர்களின் உடலமைப்பு அன்று, நெருப்பை மேனியோடு அணைத்துக்கொள்ளும் அந்தப் பழக்கமே. உறக்கத்தில் காங்ரி கவிழ்ந்து படுக்கை பற்றிக்கொள்ளும் விபத்துகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அதைவிடக் கொடியது கண்ணுக்குத் தெரியாத ஆபத்து. கரியோ, எரிவாயுவோ, மண்ணெண்ணெயோ போதிய காற்றில்லாத அறையில் எரியும்போது கார்பன் மோனாக்சைடு என்னும் வாயு உண்டாகிறது. நிறம் இல்லை, மணம் இல்லை. நாம் மூச்சிழுக்கும் பிராணவாயுவை உடலெங்கும் சுமந்து செல்லும் இரத்தத்தின் சிவப்புப் பொருளோடு, பிராணவாயுவைக் காட்டிலும் இருநூறு மடங்குக்கும் மேலான பற்றுதலுடன் இது ஒட்டிக்கொள்கிறது. பிறகு அந்த இரத்தம் ஓடியும் பயனில்லை. தலைவலி, குமட்டல், அசதி என்று ஆரம்பிக்கும். குளிர்ப்பயணக் களைப்பு என்று எண்ணிப் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொள்வார்கள். மறுநாள் எழுந்திருக்க மாட்டார்கள். 2025 ஜனவரித் தொடக்கத்தில் ஸ்ரீநகரில் வாடகை வீடு ஒன்றில் தாய், தந்தை, மூன்று குழந்தைகள் என ஒரே குடும்பத்தைச் சேர்ந்த ஐவர் இவ்வாறு மூச்சுத்திணறி இறந்தார்கள். இன்னாலில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். இது தொலைவில் நடப்பது மட்டும் என்று எண்ண வேண்டாம். 2024 ஆகஸ்டில் நம் கொடைக்கானலிலேயே, இறைச்சி சுடப் பயன்படுத்திய கரி அடுப்பை அறைக்குள் வைத்துக்கொண்டு உறங்கிய இருவர் உயிரிழந்தனர்.

ஆகவே அடையாற்றுச் சகோதரிக்கு நாம் சொல்லும் பதில் இதுதான்: ஸ்வெட்டர் ஒன்று குறைந்தாலும் பரவாயில்லை. தங்கும் அறையில் கரியோ வாயுவோ எரிக்கும் கணப்பு இருந்தால், உறங்கப் போகும் முன் அதை அணைத்து வெளியே வைத்துவிடுங்கள். சன்னலில் நான்கு விரற்கடை திறப்பு இருக்கட்டும். குளிரைப் போர்வையால் வெல்லுங்கள். இரவில் எவருக்கேனும் தலைவலியோ வாந்தியோ வந்தால் மாத்திரை தேடாமல் முதலில் எல்லாரும் வெளிக்காற்றுக்கு வந்துவிடுங்கள். கைக்குழந்தையின் தொட்டிலருகே காங்ரியை வைக்கவே கூடாது. இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. சென்னையில் பிள்ளைபெற்ற வீடுகளில் கதவு சன்னல்களையெல்லாம் அடைத்துவிட்டுக் கரித்தணலில் சாம்பிராணி போட்டுக் குழந்தைக்குப் புகை காட்டுகிறோமே, அந்தப் பழக்கத்தையும் இந்த இடத்தில் நினைத்துப் பாருங்கள். தணலின் குணம் எல்லா ஊரிலும் ஒன்றுதான்.

உடலோடு ஒட்டாமல் சூடு பெறும் நல்ல வழி ஒன்றையும் காஷ்மீரத்தார் நெடுங்காலமாக அறிந்திருக்கிறார்கள். அதுவே 'ஹமாம்'. தரை முழுவதும் கற்பலகை பாவி, அதன் கீழே வெற்றிடம் விட்டு, வெளிப்புற வாயிலிலிருந்து விறகிட்டு எரிப்பார்கள். புகை புகைபோக்கி வழியே வெளியேறிவிடும். கல் மட்டும் சூடேறி மணிக்கணக்கில் இதமாக இருக்கும். அதே நெருப்பில் செப்புக் கொப்பரையிலுள்ள தண்ணீரும் கொதிக்கும். பள்ளிவாசல்தோறும் ஹமாம் உண்டு. மஹல்லாவாசிகள் கூடி விறகுக்குப் பொருள் தருகிறார்கள். ஒளுச் செய்ய வெந்நீர் கிடைப்பதோடு, தொழுகை முடிந்த பின்பும் முதியவர்கள் அந்தக் கதகதப்பான கல்லில் அமர்ந்து ஊர் வழக்கெல்லாம் பேசித் தீர்க்கிறார்கள். குளிர்காலத்தில் பள்ளியின் ஹமாம்தான் ஊரின் திண்ணை. பெண்களுக்கு இந்த வாய்ப்புக் குறைவு என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வீட்டிலேயே ஹமாம் கட்டிக்கொள்ளும் வசதி எல்லாருக்கும் இல்லை. அவர்களுக்குச் சமையலறை அடுப்பே ஹமாம்.

தோற்காலுறை அணிந்து அதன் மேல் மஸ்ஹு செய்யும் சட்டத்தை நாம் மதரஸாவில் ஓதியிருக்கிறோம். உள்ளூரில் தங்கியிருப்பவருக்கு ஒரு பகலும் ஓர் இரவும், பயணிக்கு மூன்று நாள் என்று மனப்பாடமும் செய்திருக்கிறோம். சென்னை வெயிலில் அதன் தேவையை எவர் உணர்ந்தார்? ஸ்ரீநகர்க் கடைத்தெருவில் அந்தத் தோற்காலுறைகள் விற்பனைக்குத் தொங்குவதைக் காணும்போதுதான் அந்தச் சலுகையின் அருமை விளங்கும்.

வயலில் வேலையில்லாத அந்த மாதங்களில் கைகள் ஓய்ந்திருப்பதில்லை. கம்பளி நூற்றல், சால்வைக்குப் பூவேலை செய்தல், கம்பளத் தறி, கூடை பின்னுதல் என்று வீடுகளே தொழிற்கூடங்கள் ஆகின்றன. அண்ணா சாலை ஸ்பென்சர் பிளாசாவிலும் மாமல்லபுரத்திலும் பல ஆண்டுகளாகச் சால்வையும் கம்பளமும் விற்றுவந்த காஷ்மீர வணிகர்களை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். அக்கடைகளில் நாம் விரித்துப் பார்த்து, விலை கேட்டு, மடித்து வைத்துவிட்டு வந்த சால்வைகளில் பல, இத்தகைய குளிர்கால இரவுகளில் மங்கிய விளக்கொளியில் தைக்கப்பட்டவையாக இருக்கலாம். மலைக்குக் கீழேயுள்ள ஊர்களுக்குச் சால்வை மூட்டையோடு இறங்கிவரும் ஆண்கள் பலர், குளிர்காலம் முழுவதும் தெருத்தெருவாக விற்றுவிட்டு வசந்தத்தில்தான் வீடு திரும்புகிறார்கள். அந்த மாதங்களில் கூரையில் பனி சேர்ந்தால் தள்ளுவதும், மாட்டுக்குப் புல் இறக்குவதும், கிழவருக்கு மருந்து வாங்குவதும் பெண்ணின் பொறுப்பு. சபராளி வீடுகளில் வளர்ந்த நம் சகோதரிகளுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

நகரத்துக் குளிர் இவ்வளவு என்றால், மலைக்கு அப்பாலுள்ள கிராமங்களின் நிலை வேறு. பந்திப்பூரிலிருந்து ராஸ்தான் கணவாயைக் கடந்து குரேஸ் பள்ளத்தாக்குக்குச் செல்ல வேண்டும். கணவாயின் உயரம் பதினோராயிரம் அடிக்கு மேல். பெரும்பனி விழுந்ததும் பாதை மூடிவிடும். சில ஆண்டுகளில் வசந்தம் வரை மாதக்கணக்கில் திறக்காது. கிஷன்கங்கை ஆற்றங்கரையில் மரக்கட்டைகளை அடுக்கிக் கட்டிய வீடுகளில் ஷினா மொழி பேசும் மக்கள் வாழ்கிறார்கள். இலையுதிர் காலத்திலேயே அரசு ரேஷன் அரிசி, மாவு, எரிபொருள் ஆகியவை மாதக்கணக்கில் தேவைப்படும் அளவுக்கு மேலே ஏற்றப்படுகின்றன. உருளைக்கிழங்கும் ராஜ்மாவும் அவர்களே விளைவித்துக் கொள்வது. 2023 இறுதியில்தான் அப்பள்ளத்தாக்குக்கு மின்தொகுப்பின் இணைப்பு முதன்முறையாகக் கிடைத்தது. அதுவரை டீசல் இயந்திரம் ஓடும் மாலை நேரத்துச் சில மணிகளே வெளிச்சம்.

அங்கே ஒரு பெண் கருவுற்றால் குடும்பத்தார் முதலில் பார்ப்பது நாட்காட்டியை. பேறுகாலம் ஜனவரியிலோ பிப்ரவரியிலோ வரும் என்று தெரிந்தால், பாதை அடைபடும் முன்பே அவளைப் பந்திப்பூருக்கோ ஸ்ரீநகருக்கோ இறக்கிவிடப் பார்க்கிறார்கள். உறவினர் வீடோ வாடகை அறையோ தேட வேண்டும். மற்றக் குழந்தைகளை மலையில் விட்டுவிட்டு அவள் கீழே காத்திருக்க வேண்டும். பணமில்லாத வீட்டில் இது எளிதன்று. எதிர்பாராமல் நோவு கண்டுவிட்டால் ஹெலிகாப்டருக்குத்தான் சொல்லியனுப்ப வேண்டும். மேகம் விலகினால்தான் அதுவும் பறக்கும். மயிலாப்பூரிலும் அடையாற்றிலும் நள்ளிரவில் வலி கண்டாலும் ஆட்டோ பிடித்துக் கால்மணி நேரத்தில் மருத்துவமனை போய்ச் சேரும் நமக்கு, வானம் வெளுக்கும் வரை காத்திருக்கும் தாயின் மனம் எளிதில் பிடிபடாது. ரயில்பாதைக்கும் சுரங்கத்துக்கும் ஆகும் செலவைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்தக் கணக்கையும் சேர்த்துப் பேசினால் நல்லது.

இத்தனை துன்பம் தருகிற பனி வராமல் போனால் மகிழ்வார்கள் என்று நினைப்போம். நடப்பது அதுவன்று. முதல் பனி விழுந்ததும் ஒருவருக்கொருவர் முபாரக் சொல்லிக்கொள்கிறார்கள். பனிக்கட்டியைப் பொட்டலமாகக் கட்டி ஏதோ பரிசுபோல் அனுப்பி, ஏமாந்து வாங்கிக்கொண்டவரிடம் விருந்து கேட்கும் விளையாட்டும் பழைய வழக்கமே. சில்லாய் கலானில் விழும் பனிதான் இறுகி, மலைமேல் தங்கி, கோடையில் சிறுகச் சிறுக உருகி நெல்வயலுக்கும் ஆப்பிள் தோட்டத்துக்கும் நீராக இறங்குகிறது. பிப்ரவரி, மார்ச்சில் தாமதமாக விழும் பனி நிலைப்பதில்லை, விரைவில் ஓடிவிடுகிறது. 2024 ஜனவரியில் குல்மர்க் மலைச்சரிவுகள் பனியின்றிப் பழுப்பு நிறத்தில் கிடந்தன. சறுக்கு விளையாட வந்த பயணிகள் திரும்பிப் போனதையே செய்தித்தாள்கள் பெரிதாக எழுதின. 2025 பிப்ரவரியில் அனந்தநாக் மாவட்டத்தில் முகலாயர் காலத் தோட்டத்துக்குப் பெயர்பெற்ற அச்சபல் ஊற்றே வறண்டுபோனது. அதை நம்பியிருந்த சுற்றுவட்டாரக் கிராமங்கள் குடிநீருக்குத் தவித்தன.

எனவே குளிர் குறைந்துவிட்டது என்று எவரேனும் சொன்னால், காஷ்மீரத்துத் தோட்டக்காரர் முகம் மலர்வதில்லை. அவர் மலையுச்சியைத்தான் அண்ணாந்து பார்க்கிறார். அந்த ஆண்டு ஜூலையில் நெற்பயிருக்கு வாய்க்காலில் எவ்வளவு தண்ணீர் வரும், தோட்டத்தில் காயும் கனியும் எவ்வளவு காய்க்கும், அடுத்த சில்லாய் கலானுக்கு வீட்டுப் பெண்கள் கொடியில் தொங்கவிடச் சுரைக்காய் எத்தனை மிஞ்சும் என்பதெல்லாம் அங்கே வெண்மையாகத் தெரிகிறதா என்று பார்க்கிறார்.